நரைத்தலும் உக்குதலும்

உலகிலே தோன்றிய பொருள் எதுவும் தோன்றியபடியே நிலைத்திருப்பதில்லை. இதனைக் கற்றோரும் மற்றோரும் ஒப்புக்கொள்வர். ஆனால் மாற்றங்கள் எல்லாம் அழிவுதானா? முதுமையும் துன்பமும் ஒருவரின் தோற்றத்தை மாற்றும்போது அவருடைய தகுதியும் குறைந்துவிடுகின்றதா? இவ்வினாவுக்கு விடை காணத் தீந்தை பூசாத ஒரு மரப்பலகை போதுமானது.

புதிதாக அரிந்தெடுத்த பலகை பொன்னிறமாகவோ செந்நிறமாகவோ பளிச்சிடும். அதையே வெயிலிலும் மழையிலும் விட்டால், சில ஆண்டுகளில் சாம்பல் நிறமாகிவிடும். கிணற்றடித் துலாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுமையன்று. மரத்தின் நார்களை ஒட்டிப் பிணைத்து வைத்திருப்பது இலிக்னின் என்னும் பொருளாகும். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் மேற்பரப்பிலுள்ள இலிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழைநீர் கழுவிச் செல்கின்றது. வெளிறிய செலுலோசு நார்கள் எஞ்சுகின்றன. அவற்றின்மீது படரும் நுண்ணிய பூஞ்சணங்களின் கருமையும் சேர, பலகை நரைத்துத் தோன்றுகின்றது.

இந்த நரை மிக மெல்லிய தோல் போன்றது. சீவுளியால் சிறிது சீவினால் உள்ளே பழைய நிறம் அப்படியே இருக்கக் காணலாம். ஊசியிலை மரங்களின் மேற்பரப்பு வெயில் மழையால் தேய்வது நூறு ஆண்டுகளில் சுமார் 6 மில்லிமீற்றர் மட்டுமே என ஆய்வாளர் கணித்துள்ளனர். எனவே நரைத்த மரம் கெட்ட மரம் அன்று. மரத்தைக் கெடுப்பது உக்குதல். அது வேறு வகையான பூஞ்சணங்களின் வேலை. நீர் தேங்கி, காய வழியின்றி ஈரம் நிலைத்திருக்கும் இடத்திலேதான் அவை மரத்தின் உட்பாகத்தைத் தின்கின்றன.

இவ்வுண்மைக்கு நோர்வே நாட்டின் பழைய மரத் தேவாலயங்கள் சான்றாகும். தொடக்க காலத்தில் தூண்களை மண்ணிலே நேராகப் புதைத்துக் கட்டினார்கள். நிலத்தின் ஈரத்தால் அவற்றின் அடிப்பாகம் உக்கிப்போயிற்று. பின்னர் வந்தவர்கள் கல் அத்திவாரத்தின்மீது மரச்சட்டங்களைக் கிடத்தி, அவற்றின்மேல் தூண்களை நிறுத்தினார்கள். அவ்வாறு 12ஆம் நூற்றாண்டிலே கட்டப்பட்ட ஊர்னெஸ் தேவாலயம் பனியையும் மழையையும் தாங்கி இன்றும் நிற்கின்றது. 1979ஆம் ஆண்டில் அது உலக மரபுரிமைச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே தூணைக் காத்தது அதன் நிறமன்று; கால் ஈரத்தில் நில்லாமையே.

அமெரிக்காவின் கலிபோர்ணியாக் கடற்கரையிலுள்ள சீ ரான்ச் குடியிருப்பில், 1960களில் வீடுகளைக் கட்டியவர்கள் நரையை விரும்பியே ஏற்றார்கள். அப்பகுதியின் பழைய களஞ்சியங்களைப் போல வெளிச்சுவர்கள் தாமாகவே நரைக்கட்டும் என்று செம்மரப் பலகைகளைத் தீந்தையின்றி விட்டார்கள். இத்தகைய சுவர்களில் நரை எங்கும் ஒரேயளவாகப் படிவதில்லை. வெயிலும் சாரலும் நேரே படும் பலகை விரைவில் நரைக்கும். கூரை விளிம்பின் கீழே ஒதுங்கிய பலகை நெடுநாள் தன் நிறத்தோடு இருக்கும். இரண்டும் ஒரே மரத்திலிருந்து அரியப்பட்டவையாகவும் இருக்கலாம். ஒன்றை மேலென்றும் மற்றதைக் கீழென்றும் சொல்ல யாருக்கு நியாயம் உண்டு?

மனிதரை எடைபோடுவதிலே இந்த நியாயம் அடிக்கடி மறக்கப்படுகின்றது. நிழலில் வாழ்ந்தவரின் முகத்துப் பொலிவு அவருடைய பெருமையாகப் பேசப்படுகின்றது. வறுமையிலும் இடப்பெயர்விலும் உழைப்பிலும் வாடியவரின் தளர்ச்சி அவருடைய குறையாக எண்ணப்படுகின்றது. பிள்ளைகளுக்காக வெயிலில் நின்ற தாய் தந்தையர், தோற்றம் மாறியதும் வீட்டின் ஒரு மூலைக்கு ஒதுக்கப்படுகின்றனர். அவர்களுடைய நரை, மற்றவர்கள்மேல் படவேண்டிய வெயிலைத் தாம் ஏற்றதன் அடையாளம் என்பதைப் பலரும் நினைப்பதில்லை.

அப்படியாயின் தீந்தை பூசுவது பிழையா? பிழையன்று. காலந்தோறும் பழுது பார்த்துப் பூசப்படும் தீந்தை மரத்தைக் காக்கவே செய்யும். ஆனால் வெடித்த தீந்தையின் வழியே இறங்கிய நீர் எளிதில் வெளியேறாது. வெளியே மினுக்கம் இருக்க, உள்ளே மரம் உக்கிக்கொண்டிருக்கும். மனத்திலே வஞ்சத்தையும் பொறாமையையும் தேங்கவிட்டு, மேலே நல்ல பேச்சைப் பூசிக்கொள்பவரின் நிலையும் இதுவே. நெடுநாள் பேசித் தீர்க்காத பகை ஒரு குடும்பத்தை உக்கச் செய்யும். கேள்வி கேட்கப்படாத கணக்கு ஒரு சங்கத்தை உக்கச் செய்யும். வெளிச்சமும் காற்றும் படும் இடத்திலே மரமும் காயும், மனமும் காயும்.

அதே வேளையில் நரையைச் சாட்டிச் சோம்பியிருத்தலும் தகாது. "மரம் என்றால் இப்படித்தான்" என்று சொல்லி ஒழுகும் பீலியைத் திருத்தாதவர் ஒருநாள் சுவரையே இழப்பார். "என் குணம் இப்படித்தான்" என்று தம் கோபத்தையும் கடுஞ்சொல்லையும் திருத்தாதவரும் அவ்வாறே உறவுகளை இழப்பார். நரை இயற்கை, ஒழுக்கைக் கண்டும் காணாதிருப்பது இயற்கையன்று.

அனுபவமுள்ள தச்சர் மரத்தின் நிறத்தைப் பார்த்து முடிவு சொல்லமாட்டார். கத்தி முனையால் அடிப்பாகத்திலும் பொருத்துகளிலும் குத்திப் பார்ப்பார். வைரமுள்ள மரம் முனையை உள்ளே விடாது. உக்கிய மரம் பஞ்சுபோல் வழிவிடும். மனிதருக்கும் அத்தகைய சோதனைகள் உண்டு. கண்காணிப்பார் இல்லாத இடத்தில் நேர்மை, பதிலுதவி செய்ய இயலாதவரிடத்தில் அன்பு, தன் பிழையைப் பிறர் எடுத்துரைக்கும்போது பொறுமை ஆகியன அவை. இவற்றில் உறுதியாக நிற்பவரின் மேனியில் எத்தனை நரை படிந்தாலும், அவரை நம்பிக் கூரை ஏற்றலாம்.