விதிக்கு இரவும் பகலும் உண்டோ?

மரணத்தின் முன் மனிதர் அனைவரும் சமம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இறந்தபின் சமமாக இருக்கலாம். சாவை எதிர்த்து நிற்கும் வாய்ப்பிற் சமத்துவம் உண்டா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும்போதே இதயத் துடிப்பு நின்றுவிடுவது அரிய நிகழ்ச்சியன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,90,000 பேருக்கு இவ்வாறு நேர்கிறதென மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் உயிருடன் வீடு திரும்புவோர் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே. வசதி மிக்க நாட்டிலேயே நிலை இதுவெனில், மருத்துவம் எவருக்கும் உயிரை உறுதிசெய்ய இயலாது. ஒரு வாய்ப்பையே அளிக்க இயலும்.

“அப்படியாயின் எல்லாம் விதிதானே?” என்பர் சிலர். அவர்களுக்கு 2008இல் அந்நாட்டில் வெளியான ஆய்வொன்றை நினைவூட்டுவோம். பகலிலும் மாலையிலும் துடிப்பு நின்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 20 பேர் பிழைத்தனர். நள்ளிரவை ஒட்டிய நேரங்களிலோ 15 பேரே. நோயின் தன்மையிலுள்ள வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பின்னும் இடைவெளி மறையவில்லை. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும், இரவில் விழித்திருக்கும் தாதியரும் ஓடிவரும் வைத்தியரும் குறைவு என்பதை யார் மறுப்பர்? விதி கடிகாரம் பார்ப்பதில்லை. கடமைப் பட்டியல் பார்க்கிறது.

இவையாவும் வைத்தியசாலைக்குள் இருந்தோரின் கணக்கு. அதன் வாயிலை அடையாதோர் இக்கணக்கில் இடம்பெறுவதே இல்லை. நம் தீவகத்தை நோக்குவோம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் சிறு வைத்தியசாலைகள் உண்டு. ஊர்காவற்றுறையிற் சற்றுப் பெரியதும் உண்டு. ஆனால் மேலான சிகிச்சை வேண்டுமெனில், நெடுந்தீவார் குறிகட்டுவான் துறைக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலிற் செல்ல வேண்டும். பின்னர் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் சேர வேண்டும். இரவிலும் காற்றுக் காலத்திலும் கடற்படைப் படகின் உதவியை நாட நேர்கிறது. துடிப்பு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை சிதையத் தொடங்கும். மின்னதிர்ச்சியால் மீட்கக்கூடிய இதயங்களிலும், ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பை 100க்கு 7 முதல் 10 வரை குறைக்கிறது. 1951இல் இந்நாட்டின் அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிந்தது. அது மகத்தான வெற்றி. ஆனால் தீவகத்து ஏழையிடம் கடல் இன்னும் கட்டணம் கேட்கிறது; அதை நிமிடங்களாகக் கேட்கிறது.

செய்யத்தக்கது யாது? 1960இல் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் என்னும் மூவர், மார்பைப் பிளவாமலே வெளியிலிருந்து கைகளால் அழுத்தி இரத்தவோட்டத்தைக் காக்கலாமென நிறுவினர். அவர்களுள் முதல்வர் வைத்தியரல்லர், மின்பொறியியலாளர். இரு கைகள் உள்ள எவரும் பயிலக்கூடிய வித்தை இது. தீவகப் பாடசாலைகளில் ஆசிரியரும் மாணவரும், படகுகளில் பணியாளரும் இதைப் பயிலவேண்டும்.

ஆனால் மக்களின் கைகளைக் காட்டி அரசு தன் கைகளைக் கட்டிக்கொள்ள நாம் இடமளிக்கலாகாது. அழுத்தும் கைகள் சிறிது அவகாசத்தையே ஈட்டித் தரும். அந்த அவகாசத்துக்குள் மின்னதிர்ச்சிக் கருவியும், இரவிலும் புறப்படும் நோயாளர் படகும், நிரந்தர வைத்தியரும் இல்லையேல் அவ்வுழைப்பு வீணே. நால்வரில் மூவரை இழப்பது இன்றைய அறிவியலின் எல்லை. நான்காமவரையும் தூரத்துக்குப் பலியிடுவது சமுதாயத்தின் குற்றம். அதனை விதியென்று அழைக்க நாம் மறுப்போம்.