வராத நோய்க்குச் சாட்சி இல்லை

இதய அடைப்பை நீக்கி உயிரைக் காத்த மருத்துவரைக் குடும்பமே கையெடுத்துக் கும்பிடுகிறது. அந்த அடைப்பு வராமலேயே காத்த பழக்கத்தைக் கும்பிட ஆளில்லை; வராத நோயை யார் கண்டார்கள்? தடுப்புக்கு நம்மிடம் மதிப்புக் குறைந்ததற்கு இது முதல் காரணம். இரண்டாவதை நாமே உண்டாக்கிக்கொண்டோம். தடுப்பு என்றாலே 'இதைத் தின்னாதே, அதைத் தொடாதே' என்ற விலக்குப் பட்டியல் என்று ஆக்கிவிட்டோம். பயத்தில் தொடங்கும் பத்தியம் பயம் தெளிந்ததும் முறிந்துவிடும். உடம்பைக் காக்கும் வழக்கம் நிலைக்க வேண்டுமானால் அது அன்றாடத்தின் இன்பங்களில் ஒன்றாக வேண்டும், ஊரோடு சேர்ந்து செய்வதாகவும் இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

பின்லாந்தின் கிழக்கு எல்லையில் வடக்குக் கரேலியா என்றொரு மாநிலம். 1960களில் உழைக்கும் வயது ஆண்கள் மாரடைப்பில் சாவது உலகிலேயே மிக அதிகமாக இருந்த பகுதிகளில் அது ஒன்று. இத்தனைக்கும் அவர்கள் சோம்பேறிகள் அல்லர். மரம் வெட்டியும் பண்ணையில் பாடுபட்டும் பிழைத்தவர்கள். ரொட்டியில் தடிமனாக வெண்ணெய், ஆடை எடுக்காத பால், உப்பு மிகுந்த உணவு, ஓயாத புகை. காய்கறி அபூர்வம். 1971இல் இந்தச் சாவுகளைத் தடுக்க வழி கேட்டு அவர்களே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். மறு ஆண்டு தொடங்கிய திட்டத்துக்குப் பெக்கா புஸ்கா என்ற 27 வயது மருத்துவர் தலைமை ஏற்றார். அவருக்குப் பெரிய துணையாக வந்தது மார்த்தா என்ற இல்லத்தரசிகள் அமைப்பு. அந்தப் பெண்கள் ஊர் ஊராக விருந்து வைத்தார்கள். ஊரின் வழக்கமான இறைச்சிக் குழம்பையே கொழுப்பும் உப்பும் குறைத்து, உருளைக்கிழங்கும் கேரட்டும் கூட்டிச் சமைத்துப் பரிமாறினார்கள். பிடித்த குழம்பைப் பறிக்காமல் பக்குவத்தை மட்டும் மாற்றிய அந்தச் சாதுரியம் எந்த எச்சரிக்கைப் பலகைக்கும் வராது. பின்னாளில் கொழுப்பைக் குறைப்பதில் கிராமங்களுக்குள் போட்டியே நடந்தது. வெண்ணெய் விற்பனை சரியும் என்று அஞ்சிய பால் பண்ணையாளர்களுக்கு, அந்த மண்ணில் நன்றாக விளையும் பெர்ரிப் பழச் சாகுபடி மாற்றாகக் காட்டப்பட்டது. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. சிகிச்சை முன்னேறியதும் ஒரு காரணம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் முதல் 20 ஆண்டுகளின் சரிவில் பெரும்பகுதிக்கு இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், புகை மூன்றும் குறைந்ததே போதுமான விளக்கம்.

அது பின்லாந்து, நம் உடம்புக்குச் சர்க்கரை நோய் பரம்பரைச் சொத்து என்பார்கள். இதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் ஏறத்தாழ 39 பேருக்கு வந்தது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் கிட்டத்தட்ட இவ்வளவே. அந்த 39 பேரைக் காட்டி, தடுப்பு தோற்றது என்று சொல்லிவிட முடியாது. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய இதே வகை ஆய்வில் உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் சராசரியாக நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இதய நோயும் குறைந்திருந்தது. பீடி பிடித்தே தொண்ணூறு கண்ட தாத்தாவை எல்லாக் குடும்பமும் உதாரணம் காட்டும். பாதியில் போன தாத்தாக்கள் உதாரணமாக வந்து நிற்பதில்லை.

உண்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்பும் பெண்ணிடம் தினம் அரை மணி நேரம் நட என்பது, நோய்க்கும் அவளையே குற்றவாளி ஆக்குவதாகும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் தடுப்பைத் தனி மனித ஒழுக்கமாகச் சுருக்கக் கூடாது என்கிறேன். தெருவில் நடைபாதை இருந்து, அதில் வண்டி நிற்காமலும் விளக்கு எரிந்தும் இருந்தால் அவள் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரும் நேரமே நடையாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டு நடந்தால் அது மனதுக்கும் மருந்து. 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் உடல், மனம், சமூகம் மூன்றின் நலத்தையும் சேர்த்தே ஆரோக்கியம் என்கிறது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடிப் பேர். இந்த இரண்டாம் கூட்டத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. உங்கள் வார்டு உறுப்பினர் அடுத்த முறை வீட்டு வாசலுக்கு வரும்போது, நடக்க ஒரு நடைபாதையும் உட்கார நாலு பெஞ்சும் கேளுங்கள்.