உறைமோரும் துளையிட்ட நாடாவும்

1975இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு செயல்விளக்கத்தில் துளையிட்ட காகித நாடாச் சுருள் ஒன்று கைமாறிப் போனது. அதில் இருந்தது, ஆல்டேர் கணினிக்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் இன்னொரு நண்பரும் எழுதிய பேசிக் நிரல்மொழி. பிறகு ஹோம்பிரூ கணினிக் கழகக் கூட்டத்துக்கு அதன் பிரதிகள் கட்டுக்கட்டாக வந்தன. எடுத்துப் போகிறவர் அடுத்த முறை கூடுதல் பிரதியோடு வர வேண்டும், அவ்வளவுதான் கட்டணம். தாங்கள் திருடுவதாக அவர்கள் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்குவதைத் திருட்டு என்போமா? கொடுத்தவர் வீட்டுத் தயிர் குறைவதில்லையே.

1976 பிப்ரவரியில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பேசிக்கை எழுதச் செலவான கணினி நேரமே 40,000 டாலருக்கு மேல் பெறும், நீங்களோ திருடுகிறீர்கள் என்றார். அவருக்கு அப்போது இருபது வயது. அந்தக் கணினி ஹார்வர்டுடையது என்பது வேறு கதை.

உழைத்தவனுக்கே உரிமை என்றார் தத்துவஞானி ஜான் லாக். அவர் மனதில் இருந்தது நிலம். ஒருவர் உழும் வயலை இன்னொருவர் உழ முடியாது, அதனால் வரப்பு வேண்டும். நிரலுக்கு அந்த நெருக்கடி இல்லை. உழைப்பைச் சொல்லிக் கூலி கேட்கலாம். வேலி கேட்க அது போதாது.

எனக்குத் தெளிவு வந்தது எதிர்முகாமிலிருந்து. 1983இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1989இல் ஒரு பொது உரிமம் தந்தார்: எடு, மாற்று, பரப்பு; ஆனால் பரப்பும்போது மூலநிரலையும் கொடு. இந்த ‘ஆனால்’ நிற்பது பதிப்புரிமைச் சட்டத்தின் தோளில். அந்தச் சட்டம் போனால் கேட்ஸின் விலையோடு ஸ்டால்மனின் நிபந்தனையும் போகும். இருவரும் கேட்டது ஒன்றே: என் சொல்லுக்கு இணங்கி எடுத்துக்கொள். நாம் மீறுவது சொத்தின் எல்லையை அல்ல, ஒருவர் சொல்லை.

சொல்லுக்கும் ஆயுள் உண்டல்லவா? நம் இந்தியச் சட்டத்தில் நிரலும் ‘இலக்கியப் படைப்பு’தான். எழுதியவர் காலமான பின்னும் அறுபது ஆண்டு காவல்! என்னிடம் தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த கட்டுரைகள் இருக்கின்றன. அன்றைய தமிழ் எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் கிறுக்கல். அந்த எழுத்துருவைச் செய்தவரைத் தேடினேன். கடையும் இல்லை, முகவரியும் இல்லை. நண்பர் ஒருவர் பிரதி எடுத்துத் தந்தார். வாங்கும்போது, அவரிடமே விலை கேட்டேன். சிரித்தார்.