கையைத் தூக்கினால் நிறுத்துவோம்

எங்கள் ஊர்ப்பக்கம் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ‘கரண்ட் வைக்கிறது’ என்று பெயர். “அவருக்கு முப்பத்தஞ்சு கரண்ட் எழுதியிருக்காங்க, இருபது முடிஞ்சிருச்சு” என்பார்கள். உண்மையில் நோயாளியின் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. படுத்திருப்பவருக்குச் சூடு தெரியாது, வலி தெரியாது, மெஷின் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். புண்ணும் எரிச்சலும் சில வாரங்கள் கழித்துத்தான் வரும். இருந்தாலும் அந்தத் தப்பான பெயரில் ஒரு பயம் சரியாகப் பதிவாகியிருக்கிறது என்று நினைக்கிறேன். வருவது கண்ணுக்குத் தெரியாது, ஸ்விட்ச் வேறொருவர் கையில்.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு, கூட இருந்து கவனிக்கிறவரையும் சேர்த்து நான்கு. அந்த நான்காமவருக்கு அவர் வைக்கும் பெயர் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். கதிர்வீச்சுச் சிகிச்சையிலோ இந்த நான்காமவர் பக்கத்தை விட்டு வெளியே போனால்தான் சிகிச்சையே தொடங்க முடியும். டெக்னாலஜிஸ்ட் நோயாளியைப் படுக்கவைத்து, தோலில் வரைந்த குறிகளை லேசர் கோடுகளோடு பொருத்திவிட்டு வெளியே வந்து கதவை மூடுகிறார். நடுவில் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனான கான்கிரீட் சுவர். ஆபரேஷன் தியேட்டரில்கூட நம்மைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். இங்கே பீம் ஓடும் சில நிமிடங்களுக்கு அறையில் நோயாளி மட்டுமே இருக்கலாம். அவரையும் வெளியில் இருப்பவர்களையும் சேர்த்துவைப்பது ஒரு கேமராவும் ஒரு மைக்கும்தான்.

என் சித்தி மகள் ரேடியோதெரபி டெக்னாலஜி படிக்கிறாள், இரண்டாம் வருடம். போன மாதம் இரவு பத்து மணிக்கு போன் செய்தாள். அன்றைக்கு அவளுக்குத் தொண்டைப் புற்றுநோய்க்காரர்கள் வரும் மெஷினில் போஸ்டிங். அவர்களுக்கு ஒரு முகமூடி உண்டு. பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் இழுத்து அச்செடுப்பார்கள். ஒவ்வொரு நாளும் அதை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். தலை ஒரு மில்லிமீட்டர்கூட நகரக்கூடாது என்பதற்காக. வாயைத் திறந்து பேச முடியாது. அதனால் பூட்டும்போதே சொல்லிவிடுவார்கள்: “ஏதாவது பண்ணுச்சுன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடுவோம்.”

அந்தப் பெரியவர் பீம் ஓடும்போது கையைத் தூக்கியிருக்கிறார். கன்சோலில் எல்லாம் பச்சை, எந்தக் கோளாறும் இல்லை. பக்கத்திலிருந்த சீனியர், “பயத்துல தூக்குறாரு, இன்னும் நாப்பது செகண்ட்தான், முடிச்சிரலாம்” என்றிருக்கிறார். இவள் நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டாள். உள்ளே ஓடிப்போய் முகமூடியைக் கழற்றிக் கேட்டால், மூக்கு அரித்ததாம்.

“வெளிய முப்பது பேர் உக்காந்திருக்காங்கண்ணா. திரும்ப பொசிஷன் பண்ண பத்து நிமிஷம் ஆச்சு. சார் எல்லார் முன்னாடியும் திட்டினாரு. நான் பண்ணது தப்பா?”

இதற்கு ‘தப்பில்லைம்மா’ என்று உடனே சொல்லிவிடலாம், சொன்னேன். ஆனால் ஏன் தப்பில்லை என்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அவளுடைய சீனியர் கெட்டவர் அல்ல. காத்திருக்கும் முப்பது பேரும் நோயாளிகள்தான். நூறு முறை கை தூக்கினால் பெரும்பாலும் அரிப்போ இருமலோ பயமோதான் காரணமாக இருக்கும். அனுபவம் உள்ளவர் அதை நம்பிச் செயல்படுவதில் என்ன பிழை?

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் துறையில் பிழை என்ற பேச்சு வந்தால் கட்டாயம் வந்து நிற்கும் பெயர் தெராக்-25. கனடாவின் அரசு நிறுவனமான ஏஇசிஎல் தயாரித்த கதிர்வீச்சு மெஷின். அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பதினொன்று நிறுவப்பட்டிருந்தன. 1985இலிருந்து 1987க்குள் ஆறு பேருக்கு அது அளவுக்கு மீறிக் கதிர்வீச்சைக் கொடுத்தது. கல்லூரியில் இதை ‘ரேஸ் கண்டிஷன்’ பாடத்துக்கு உதாரணமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். 1993இல் நான்சி லெவிசனும் கிளார்க் டர்னரும் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரையைப் படித்தபோது, என்னைப் பிடித்து உட்காரவைத்தது கோடில் இருந்த பிழை அல்ல. ஏறக்குறைய ஒவ்வொரு சம்பவத்திலும் முதலில் உண்மையைச் சொன்னவர் நோயாளி.

ஜார்ஜியா மாகாணத்தின் மாரியட்டாவில், 1985 ஜூனில், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 61 வயதுப் பெண்மணி பெரும் சூட்டை உணர்ந்து, என்னைச் சுட்டுவிட்டீர்கள் என்று அங்கேயே சொன்னார். அப்படி நடக்கவே முடியாது என்று பதில் வந்தது. மருத்துவமனையின் இயற்பியலாளர் நிறுவனத்திடம் கேட்டார். முடியாது என்றே அவர்களும் சொன்னார்கள். அந்தப் பெண் பிறகு மார்பையும் ஒரு கையின் இயக்கத்தையும் இழந்தார். அடுத்த மாதம் கனடாவின் ஹாமில்டனில் மெஷின் பாதியில் நின்று, டோஸ் எதுவும் போகவில்லை என்று காட்டியது. இயக்குபவர் ‘P’ விசையை அழுத்தித் தொடர்ந்தார். மறுபடி நின்றது, மறுபடி அழுத்தினார். டோஸ் போகவே இல்லை என்று மெஷின் சொன்ன அந்த நோயாளி, எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டெக்சாஸின் டைலர் நகரம், 1986 மார்ச். ஒருவருக்கு முதுகில் ஒன்பதாவது சிகிச்சை, 180 ராட் கொடுக்க வேண்டும். இயக்குபவர் பழக்கப்பட்டவர், வேகமாகத் தட்டச்சுகிறவர். ‘e’ அடிக்க வேண்டிய இடத்தில் ‘x’ அடித்துவிட்டு, மேலே போய்த் திருத்தி, சில விநாடிகளில் கீழே வந்துவிட்டார். அந்தத் திருத்தம் திரையில் தெரிந்தது, மெஷினின் உட்புறத்துக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’. அதற்கு என்ன அர்த்தம் என்று கையேட்டில் விளக்கமே கிடையாது. கூடவே, கொடுக்க வேண்டியதைவிட மிகக் குறைவாகவே டோஸ் போயிருப்பதாக ஓர் எண். இந்த மாதிரித் தகவல்கள் அந்த மெஷினில் சில நாட்களில் நாற்பது முறை வரைகூட வரும். அவர் ‘P’யை அழுத்தினார். உள்ளே இருந்தவருக்கு முதல் அடியிலேயே ஷாக் அடித்த மாதிரி, முதுகில் கொதிக்கும் காபியைக் கொட்டிய மாதிரி இருந்தது. (நம்ம ஊர்க்காரர்கள் வைத்த ‘கரண்ட்’ என்ற பெயர் இங்கே படிக்கும்போது வேறு மாதிரி ஒலிக்கிறது.) எட்டு முறை நல்லபடியாக முடிந்தவர் என்பதால், ஏதோ சரியில்லை என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார், இரண்டாவது அடி விழுந்தது. கடைசியில் கதவைத் தட்டினார்.

ஏன் கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்றால், அன்றைக்கு அந்த அறையின் வீடியோ மானிட்டர் இணைக்கப்படவில்லை, இன்டர்காம் வேலை செய்யவில்லை. அவர் உடம்பில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை என்று பிறகு கணக்கிட்டார்கள். ஐந்து மாதத்தில் இறந்துபோனார். மெஷினைப் பரிசோதித்தார்கள், ஒரு குறையும் தெரியவில்லை, திரும்ப ஓட்டினார்கள். ஏப்ரலில் அதே மெஷின், அதே எண் 54, இன்னொரு மரணம். அதற்குப் பிறகுதான் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் அதே இயக்குபவரும் உட்கார்ந்து, தட்டச்சும் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, பிழையைத் திரும்ப வரவழைத்தார்கள்.

தத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூலில், ஒருவர் இன்னார் என்பதாலேயே அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதை ஒருவகை அநீதி என்கிறார். ஆனால் டைலரில் நடந்தது அதோடு முழுசாகப் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். நோயாளியின் சொல் குறைத்து மதிக்கப்பட்டதற்கு முக்கியக் காரணம், எதிர்த்தரப்புச் சாட்சி ஒரு எண். எண்ணுக்குப் பயம் கிடையாது, அரிப்பு கிடையாது, மிகைப்படுத்தாது. அந்த எண்ணை எழுதுகிற ஆட்களில் ஒருவனாகச் சொல்கிறேன்: திரையில் தெரிவது மெஷின் என்ன செய்ததாக மென்பொருள் நினைக்கிறதோ அது. அறைக்குள் நடந்தது நோயாளியின் உடம்புக்குத் தெரியும். இரண்டுமே அளவீடுகள்தான். ஒன்று பெரும்பாலும் பிசகும், இன்னொன்று எப்போதாவது பிசகும். எப்போதாவது பிசகுவது பிசகும் நாளில், பக்கத்தில் இருப்பது அந்த இன்னொன்று மட்டும்தான்.

இதே கட்டுரையில் மாணவர்களைப் பற்றி ஓர் இடம் வருகிறது. தெராக்-20 என்ற முந்தைய மாடலிலும் அதே பிழை இருந்தது. அதில் மின்சுற்றிலேயே தனித் தடுப்புகள் இருந்ததால் ஃபியூஸ் போகும், யாருக்கும் எதுவும் ஆகாது. சிகாகோவில் ஒரு பயிற்சி மையத்தின் இயற்பியலாளர் ரொம்ப நாளாகக் கவனித்துவந்த விஷயம்: புது மாணவர்கள் வந்து உட்காரும்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று முறை வரை ஃபியூஸ் போகும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. கற்றுக்குட்டிகள் யாரும் எதிர்பார்க்காத வரிசையில் தட்டுவார்கள், தப்புவார்கள், திருத்துவார்கள். தெராக்-25ஐப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் இதன் பொருள் அவருக்குப் பிடிபட்டது. தங்கைக்கு இதைச் சொன்னபோது, “அப்ப எங்களை வெச்சே டெஸ்ட் பண்ணலாம்” என்று சிரித்தாள்.

ஆனால் அவளுடைய பெரியவர் விஷயத்தை இந்தக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்க்க எனக்கு மனமில்லை. ஆயிரத்தில் ஒருமுறை ஆபத்து, ஒரு நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம், பெருக்கிப் பார் என்று பொறியாளன் சொல்வான். பெருக்கினால் ஒருநாள் சீனியர் பக்கமும் விடை வரக்கூடும். இன்றைய மெஷின்கள் தெராக் அல்ல, தடுப்புக்கு மேல் தடுப்பு வைத்தவை. நான் பார்ப்பது வேறொன்றை. தலையைப் பூட்டுவதற்கு முன்னால் அந்த மனிதரிடம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்றார்களே தவிர, நியாயமான காரணம் இருப்பதாக எங்களுக்குப் பட்டால் நிறுத்துவோம் என்று சொல்லவில்லை. வாயும் தலையும் அசையாமல் படுக்க அவர் சம்மதித்தது அந்த வாக்கை நம்பித்தான். அதை உடைத்தால், மூக்கு அரிப்பாகவே இருந்தாலும், அவருக்கு ஒரு தீங்கு நடந்துவிட்டது. நாளைக்கும் அவர் வந்து அதே மேசையில் படுக்க வேண்டும், தன் கைக்கு இனி மதிப்பில்லை என்று தெரிந்துகொண்டு.

எதற்கெடுத்தாலும் நிறுத்தினால் கை தூக்குவதும் ‘மால்ஃபங்ஷன் 54’ மாதிரி மலிந்துபோகாதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. 54 மலிந்துபோனதற்குக் காரணம் அது அடிக்கடி வந்தது மட்டுமில்லை, அதனிடம் திரும்ப ஒரு கேள்வி கேட்க முடியாது. மனிதரிடம் உள்ளே போய் என்ன ஆச்சு என்று கேட்கலாம். அரிப்பு என்றால் சொறிந்துவிடலாம், மறுநாள் பூட்டும் முன்பே ஞாபகமாகக் கேட்கலாம். அவள் அப்படித்தான் செய்கிறாளாம். அந்தப் பெரியவர் அதற்கப்புறம் கையைத் தூக்கவில்லை.

அடுத்த வாரம் அவளுக்குக் குழந்தைகள் பிரிவில் போஸ்டிங். சின்னக் குழந்தைகளை அசையாமல் படுக்கவைக்க முடியாது என்பதால் மயக்க மருந்து கொடுத்துத்தான் வைப்பார்கள். “அங்க யாருண்ணா கையைத் தூக்குவாங்க?” என்றாள். எனக்குப் பதில் இல்லை. நேரில் பார்த்துவிட்டு அவளேதான் சொன்னாள்: அங்கே இரண்டு கேமரா. ஒன்று குழந்தையின் நெஞ்சைப் பார்க்கிறது, இன்னொன்று பக்கத்திலிருக்கும் மானிட்டரை. மயக்க மருந்து டாக்டர் வெளியே கன்சோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, பீம் நிற்கும்வரை அந்த இரண்டு திரையிலிருந்தும் கண்ணை எடுப்பதில்லையாம். அவரிடம் யாரும் பேசக்கூடாதாம்.