திறந்த கதவும் நட்பும்

பொழுதுபோக்கின் பொருட்டு ஒன்றுகூடுகிறவர்களிடையே மலரும் உறவை நட்பு என்று அழைக்கலாமா? அரிஸ்டாட்டில் நட்பை மூவகையாகப் பிரித்தார்: பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது. முதல் இரண்டும் எளிதில் கலைந்துபோகும் என்றார். வள்ளுவரோ நட்பை ஆராய்ந்து கொள்வதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். இவ்விரு பேரறிஞர்களின் அளவுகோல்படி நோக்கினால், ஒரே வகைக் கதைகளை விரும்புகிறோம் என்பதற்காகச் சில நாள்கள் கூடிச் சிரித்துப் பிரிகிறவர்களின் உறவு மெல்லிய நூலாகவே தோன்றும்.

ஆயினும், அறிவியல் புனைகதை ஆர்வலர்கள் மேலைநாடுகளில் நடத்திவரும் மாநாடுகளின் வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1937-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு சிறு கூட்டம் கூடியது. பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்கும் அதில் ஒருவர். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு நடைபெற்றது. வந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். பதினெட்டு வயது ரே பிராட்பரி கடன் வாங்கிய பணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பேருந்தில் கண்டத்தையே கடந்து அங்கு வந்து சேர்ந்தார்.

இத்தகைய மாநாடுகளுக்குச் சென்று வந்தோர் பலர் முதுமையில் நினைந்து மகிழ்வது மேடைப் பேச்சுகளை அன்று, இரவு விருந்துகளையே. விடுதி அறையொன்றின் கதவு திறந்திருக்கும். முன்பின் அறியாதவரும் உள்ளே நுழைந்து பேச்சில் கலந்துகொள்ளலாம். 1951-இல் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டின்போது ஒரு விடுதியின் 770-ஆம் எண் அறையில் நடந்த விருந்து அவர்களிடையே பழங்கதையாகவே நிலைத்துவிட்டது. 1978-இல் தொடங்கப்பட்ட ஆர்வலர் ஏடு ஒன்று அந்த எண்ணைத் தன் பெயரிலேயே தாங்கியது.

ஆனால் இனிய நினைவுகளில் ஒரு குறை உண்டு. அவை உள்ளே இருந்தவர்களின் நினைவுகள். 1939 மாநாட்டின் வாயிலில், குழுப்பூசல் காரணமாக ஆறு இளைஞர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். அவர்களது குழுவைச் சேர்ந்த ஐசக் அசிமோவுக்குத் தடை இல்லை. அவர் உள்ளே சென்றார். அப்போது அவருக்கு வயது 19. அவரைப் பழிப்பது நமக்கு எளிது. ஆனால் ஆவலோடு காத்திருந்த மகிழ்ச்சி கண்முன் நிற்க, தோழர்கள் வெளியே நிற்க, நாம் என்ன செய்திருப்போம்? இன்பம் கருதிய நட்பு சோதிக்கப்படும் இடம் இதுவே. உள்ளே எவ்வளவு மனமாரச் சிரித்தோம் என்பது அன்று, வெளியே நிற்பவர் யார் என்று ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்தோமா என்பதே கேள்வி.

அவ்வாறு திரும்பிப் பார்த்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த வால்ட் வில்லிஸ் என்பவரின் எழுத்தை மட்டுமே அறிந்திருந்த அமெரிக்க ஆர்வலர் பலர் பணம் திரட்டி, 1952-இல் அவரைச் சிகாகோ மாநாட்டிற்கு வரவழைத்தனர். அதைத் தொடர்ந்து 1953-இல், அட்லாண்டிக் கடலின் ஒரு கரையிலுள்ள ஆர்வலரை மறுகரைக்கு அனுப்பிவைக்க ஒரு நிதியே நிறுவப்பட்டது. தாம் முகம் காணாத ஒருவரும் தம்மோடு மகிழவேண்டும் என விரும்பிக் கைப்பொருள் ஈவது வெறும் இன்ப நாட்டமாகாது. நண்பனுக்கு நலம் விழைவதை அவன் பொருட்டே விழைவது மெய்ந்நட்பின் இயல்பு என்று அரிஸ்டாட்டிலே கூறுகிறார். சிரிப்பில் தொடங்கிய உறவு அந்நிலையையும் எட்டக்கூடும்.

1939-இல் தடுக்கப்பட்ட அறுவருள் ஒருவரான பிரெடரிக் போல், 33 ஆண்டுகள் கழித்து, 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் உலக மாநாட்டின் சிறப்பு விருந்தினராக அமர்ந்தார். மூடிய கதவு திறந்தது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. கூடிக் களித்த நாள்களை எண்ணி மகிழ்வதில் தவறேதுமில்லை. அந்நாள்களில் நம் வாயிலில் நின்றவர் எவரேனும் நினைவுக்கு வந்தால், இன்னொரு தலைமுறை கடக்கும்வரை காத்திராமல் அவரை இன்றே அழைப்பது நன்று.