ஏற்றவர் கடமையும் வந்தவர் விருப்பமும்

போரினாலோ ஒடுக்குமுறையாலோ சொந்த நாட்டை விட்டு வெளியேறி, முதலில் போய்ச் சேர்ந்த அண்டை நாட்டிலும் நிலையாக வாழ வழியற்றவர்களை மூன்றாவதொரு நாடு ஏற்று, குடியுரிமை பெறும் வாய்ப்போடு வாழவைப்பதை மீள்குடியமர்த்தல் என்பர். உலக அகதிகளில் நூற்றில் ஒருவருக்குக்கூட ஓராண்டில் இந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. இவ்வளவு அரிதாகக் கிடைப்பதாலேயே, பெற்றவர் கொடுத்தவர் வகுத்த வழியில் நடப்பதுதான் முறை என்ற எண்ணம் கொடுப்பவரிடம் எளிதில் வேரூன்றுகிறது. எந்த ஊரில் வாழ்வது, எந்த வேலையை ஏற்பது, யாரோடு சேர்ந்திருப்பது என்பவற்றில் உதவி பெறுபவர் உதவுபவரின் திட்டத்தை மீறலாமா, மீறினால் உதவிக்கான தகுதியை இழக்கிறாரா என்ற கேள்வியை, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் நகரில் சோமாலியர் குடியேறிய வரலாறு கூர்மையாக எழுப்புகிறது.

1991ஆம் ஆண்டு சியாத் பாரே ஆட்சி வீழ்ந்தபின் மூண்ட உள்நாட்டுப் போர் பல இலட்சம் சோமாலியரை நாட்டை விட்டு விரட்டியது. கென்யாவின் டடாப் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். அகதிகள் கூடிய விரைவில் பொருளாதாரத் தற்சார்பு அடைய வேண்டும் என்பதை 1980ஆம் ஆண்டின் அமெரிக்க அகதிகள் சட்டம் குறிக்கோளாக வைத்தது. அரசு நிதி பெறும் தொண்டு முகமைகள் அவர்களை விமான நிலையத்தில் வரவேற்று, தாமே தேர்ந்த நகரத்தில் வீடு பிடித்துக் கொடுத்து, முதல் 90 நாள்களின் தேவைகளைக் கவனித்தன. அந்த வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கும் விதிப்பட்டியல் உண்டு: ஆளுக்கொரு தட்டு, கிண்ணம், குவளை, சில சமையல் பாத்திரங்கள், இவற்றோடு ஓர் அலாரக் கடிகாரம். அகதியின் பசியை நினைத்த அதே பட்டியல் அவர் வேலைக்குப் போகவேண்டிய நேரத்தையும் மறக்கவில்லை. விமானக் கட்டணமும் வட்டியில்லாக் கடனாகவே வழங்கப்பட்டு, வந்து சேர்ந்த ஆறு மாதத்தில் தவணை தொடங்கியது. அக்கறையும் கணக்கும் இவ்வாறு ஒரே கையால் எழுதப்பட்டதில் தவறில்லை. ஆனால் இந்தத் திட்டத்தில் அகதியின் விருப்பத்தைக் குறிக்க ஒதுக்கப்பட்ட இடம் மிகச் சிறியது.

சோமாலியர் அந்த இடத்தைத் தாமே பெரிதாக்கிக்கொண்டனர். அட்லாண்டாவை ஒட்டிய பகுதிகள் முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள், குற்றம் குறைந்த, வாடகை மலிந்த, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி உள்ள ஊரைத் தேடி, உறவினரிடம் தொலைபேசியில் விசாரித்து, 2001 முதல் லூயிஸ்டனை நோக்கி வரத் தொடங்கின. ஆண்ட்ரோஸ்காகின் ஆற்றங்கரையில் உள்ள அந்நகரம், ஒரு காலத்தில் கியூபெக்கிலிருந்து வந்த பிரெஞ்சு மொழியினரின் உழைப்பால் நெசவாலை நகரமாக வளர்ந்து, ஆலைகள் மூடப்பட்டபின் மக்கள் குறைந்து, கடைவீதியில் பூட்டிய கதவுகளோடு நின்றிருந்தது. சுமார் 36,000 பேர் வாழ்ந்த அவ்வூருக்கு ஒன்றரை ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் சோமாலியர் வந்தனர். 2002 அக்டோபரில் மேயர் லாரியர் ரேமண்ட், நகரின் சக்தி தீர்ந்துவிட்டது, மேலும் வருவோரைத் தடுத்து நிறுத்துங்கள் என்ற பொருள்பட சோமாலியச் சமூகத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். சோமாலிய மூத்தோர் அதற்குப் பதில் மடல் எழுதினர்.

மேயரின் மடலை இனவெறி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. வெளியூரிலிருந்து திரண்ட வெள்ளை இனவாதிகள் அதைத் தங்களுக்கு வாய்த்த அழைப்பாக எடுத்துக்கொண்டதும் உண்மை. எனினும் அம்மடலில் நியாயமான ஒரு முறையீடும் இருந்தது. அகதியை ஏற்பதென்று முடிவு செய்தது ஒன்றிய அரசு. அதன் நிதியோ, முதலில் குடியமர்த்திய நகரத்து முகமையோடு பெரும்பாலும் நின்றுவிட்டது; அகதி இரண்டாவது ஊருக்குப் போனால் பணம் அவர் பின்னால் போகவில்லை. மெய்ன் மாநிலச் சட்டப்படியோ, வறியவர் யார் கேட்டாலும் நகராட்சி பொது உதவி வழங்கியாக வேண்டும். நாடு முழுவதும் பெருமை கொண்ட ஓர் அறச்செயலின் செலவு, வேலையிழந்த ஆலைத் தொழிலாளர் நிறைந்த ஒரு சிறு நகரின் வரிப்பணத்தில் விழுந்தது அநீதியே.

மடலின் தவறு அது போய்ச் சேர்ந்த முகவரியில் இருந்தது. நிதியை முடக்கிய ஒன்றிய அரசையும் செலவைத் தள்ளிவிட்ட மாநிலத்தையும் விட்டுவிட்டு, பதில் சொல்ல மிகக் குறைந்த வலிமை கொண்டவரிடம் கணக்குக் கேட்டது அது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, சட்டப்படி ஒரு நாட்டில் இருக்கும் அகதி தாம் வாழும் இடத்தைத் தேர்ந்துகொள்வதை 26ஆவது பிரிவில் உரிமையாகவே கூறுகிறது. அந்நியரை வரவேற்பது அன்பின்பாற்பட்ட செயலன்று, அவருக்குரிய உரிமை என்று 1795இலேயே வாதிட்ட இமானுவேல் காண்ட், அவ்வுரிமையை வந்து போகும் அளவோடு நிறுத்திக்கொண்டார். தங்கி வாழ்வதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்றார். மீள்குடியமர்த்தலில் அந்த ஒப்பந்தத்தை நாடே முன்வந்து செய்துவிடுகிறது. அதன்பின் நன்றியுணர்வைக் காட்டி உரிமையைச் சுருக்கக் கேட்பது, கொடுத்த சொல்லைப் பின்வாசல் வழியாகத் திரும்பப் பெறுவதாகும். அயலூரிலிருந்து பிழைப்புத் தேடி வரும் அமெரிக்கர் எவருக்கும் எந்த மேயரும் இத்தகைய மடல் எழுதுவதில்லை.

வந்தவரின் விருப்பத்தை மதிப்பது என்றால் வந்தவர் யார் என்று முதலில் அறிய வேண்டும். இங்கே நல்லெண்ணமுள்ள உதவியாளரும் சறுக்குகின்றனர். பின்னர் லூயிஸ்டனுக்கு வந்தவர்களில் சோமாலி பாண்டு மக்களும் உண்டு. இவர்களின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் இன்றைய மொசாம்பிக், தான்சானியா, மலாவிப் பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஜூபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உழுது வாழ்ந்த இவர்களைப் பிற சோமாலியர் தாழ்வாகவே நடத்தினர். இவர்களிற் பலரின் தாய்மொழி மாய். பொதுச் சோமாலி மொழி பேசுபவருக்கு அது எளிதில் விளங்காது. படிவத்தில் மொழி என்ற கட்டத்தில் ‘சோமாலி’ என்று எழுதிய அலுவலர் மருத்துவர் அறைக்கு அனுப்பும் மொழிபெயர்ப்பாளர், நோயாளியின் மொழியை அறியாதவராகவும், சொந்த ஊரில் அந்த நோயாளியை இழிவாக நடத்திய கூட்டத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கக்கூடும். ‘ஆப்பிரிக்க அகதி’ என்ற ஒற்றைப் பெயரின்கீழ் இத்தகைய பழைய ஏற்றத்தாழ்வு புதிய நாட்டுக்கும் கப்பலேறிவிடுகிறது. பாண்டு மக்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்து, கூட்டுக் குழுக்களாக நிலத்தில் மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிடத் தொடங்கியதை, எந்த முகமையின் 90 நாள் திட்டமும் முன்கூட்டிக் கண்டிருக்க இயலாது. வட்டி விலக்கப்பட்டது என்று கருதும் சோமாலிய வணிகருக்கென வட்டியில்லா முறையில் நிதியளிக்கும் ஏற்பாட்டை மினியாபொலிஸ் நகரில் உருவாக்கியதும் சோமாலியரான ஹுசைன் சமத்தார் நிறுவிய அமைப்புத்தான்.

விரைவான தற்சார்பு என்ற குறிக்கோளை முற்றாகத் தள்ளவும் முடியாது. நெடுநாள் உதவிப்பணத்தில் இருத்துவதும் ஒருவகை அவமதிப்பே. முகாமில் கையேந்தி வாழ்ந்தவருக்கு முதல் சம்பளம் தரும் தெம்பைக் குறைத்து மதிப்பிடுவோர் அந்த வரிசையில் நின்றறியாதவர். ஆயினும் 90 நாள் முடிவில் முகமை அரசுக்கு அனுப்பும் அறிக்கை, ஒருவர் நிலைபெறுவதற்குத் தேவையான ஆண்டுகளை அளக்கும் கருவியன்று. காங்கோவில் செவிலியராக இருந்தவர் ஒருவரை விடுதி அறை துடைக்கும் வேலையில் சேர்த்தாலும் அதில் வெற்றியென்றே பதிவாகும். அவரே ஆங்கிலம் கற்று உரிமத் தேர்வு எழுத இரண்டாண்டு கேட்டால், அந்த இரண்டாண்டுக்கு அதில் பத்தியே இல்லை.