துண்டுக்கு நூல் பார்க்கும் அண்ணாச்சிமாரே

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏற இன்னும் சில வாரங்கள்தான். சங்கரன்கோவில் அச்சகங்களில் நோட்டீஸுக்கு ஆர்டர் குவியும் நேரம் இது. ரத வீதிகளில் ஃப்ளெக்ஸ் கட்ட இடம் பிடிக்கிறார்கள். அச்சில் ஏறிய பிறகு சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதே சொல்கிறேன். கடைக்காரர்களும் தறி முதலாளிகளும் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள்.

போன தபசுக்கு என் கையில் திணிக்கப்பட்ட நோட்டீஸ்களை வீட்டில் விரித்து வைத்துப் பார்த்தேன். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பல் ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றிலும் குறைந்த விலையும் நிறைந்த தரமும்தான். கடைப் பெயரைக் கையால் மறைத்தால் எது யாருடையது என்று உரிமையாளருக்கே தெரியாது. ஒரு துண்டு நெய்ய நூல் வாங்கும்போது நீங்கள் எத்தனை பார்க்கிறீர்கள்! கவுண்ட் என்ன, முறுக்கு எப்படி, சாயம் நிற்குமா, பாவு அறுந்து அறுந்து போகுமா என்று நாலு இடத்தில் விசாரிக்கிறீர்கள். அந்தத் துண்டைப் பற்றி ஊருக்குச் சொல்லும் வேலையை மட்டும் டிடிபி கடைத் தம்பியிடம் விட்டு, ‘போன வருசம் போட்டதையே தேதி மாத்திப் போட்டுருடே’ என்கிறீர்கள். அவர் மேல் குறையில்லை. எழுத்தை அழகாக அடுக்குவது அவர் தொழில். உங்கள் சரக்கை அறிந்து எழுதுவது வேறு தொழில். அதற்கென்று பழகியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள்.

நம் கோயிலின் கதையை நினைத்துப் பாருங்கள். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்களுக்குள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கு. கோமதியம்மன் தவமிருந்து இருவரையும் ஒரே உருவில், சங்கரநாராயணராகக் காண்கிறாள். யார் பெரியவர் என்ற வழக்கு முடிந்த ஊரில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கடையும் ‘நாங்களே நம்பர் 1’ என்று போர்டு வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பக்கத்துக் கடையைவிட நீங்கள் பெரியவரா என்று யாரும் கேட்கவில்லை. உங்களிடம் என்ன இருக்கிறது என்றுதான் வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

அதை எடுத்துச் சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும். அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கும் முன்பு கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர் இருந்தார். ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனிக்கு எழுதக் கூப்பிட்டபோது முதலில் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். காற்றை வடிகட்டிய கண்ணாடி அறைகள், ஆயிரக்கணக்கான அடி ஆழக் கிணறுகள், புட்டிகளைத் திரும்பத் திரும்பக் கழுவும் இயந்திரங்கள். ‘இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டார். எல்லா ஆலையிலும் இப்படித்தானே என்றார்கள். எல்லாரும் செய்கிறார்கள், ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் அவர் கண்டது. அதையே எழுதினார், கம்பெனி முன்னுக்கு வந்தது என்று 1927இல் வெளிவந்த தன் வரலாற்றில் பதிந்திருக்கிறார். உங்கள் தறிக்கூடத்திலும் அப்படிச் சொல்லாமல் கிடப்பவை ஏராளம். பழகிப் போனதால் உங்கள் கண்ணில் படுவதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்தில் கோவில்பட்டி இருக்கிறது. கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கேட்டு 2014இல் விண்ணப்பித்தார்கள், 2020இல் கிடைத்தது. ‘எங்கள் மிட்டாய் ருசியானது’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்குமா? கரிசல் மண்ணில் விளையும் கடலை, வெல்லம், பாகு காய்ச்சும் பக்குவம் என்று காரணத்தோடு எழுத வேண்டியிருந்தது. ருசி தலைமுறை தலைமுறையாக இருந்தது. அதை இந்த ஊருக்கே உரியதென்று நிலைநாட்ட எழுத்து வேண்டியிருந்தது.

இனி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நானும் எழுத்துக்கூலியில் வாழ்கிறவன். ஒரு சேலை வியாபாரிக்கு மூன்று முறை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தேன். ‘நாலு வரிக்குக் காசா?’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு மாதம் கழித்து அதே வரிகளை ஃப்ளெக்ஸில் பார்த்தேன். நான் எழுதாத ஒரு சொல் மட்டும் கூடுதலாக இருந்தது: ‘கைத்தறி’. சேலையோ விசைத்தறியில் ஓடியது. கூலி போனதை மறந்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை இன்னும் மறக்க முடியவில்லை. குழியில் கால் வைத்து நாள் முழுக்க நெய்கிறவரின் சோற்றில் கை வைக்கிற சொல் அது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டதே அந்தச் சோற்றைக் காக்கத்தான். கைத்தறி என்று நம்பிக் காசு கொடுத்த தாய்மாரையும் அந்தச் சொல்லால் ஏமாற்றுகிறோம்.

அண்ணாச்சி, விசைத்தறிச் சேலைக்கு இரவல் பெருமை எதற்கு? ஒரே சீரான நெசவு, தினமும் உடுத்தித் துவைக்கத் தாங்கும் பருத்தி, கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் வாங்கக்கூடிய விலை. இவை குறைந்த பெருமைகளா? எழுதத் தெரிந்தவர் இவற்றைக் கொண்டே உங்களுக்கு வாடிக்கை சேர்ப்பார். தெரியாதவர்தான் பொய்யைத் தேடிப் போவார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. அந்தப் பயத்துக்காகத் திருந்தினாலும் சரி, திருந்துங்கள்.

இன்று பாதி வியாபாரம் போன் திரையில் நடக்கிறது. சென்னையிலோ துபாயிலோ இருப்பவர் உங்கள் தேங்காய்ப்பூத் துண்டைத் தொட்டுப் பார்க்க முடியாது. நீங்கள் எழுதும் நாலு வரிதான் அவருக்கு விரல். நீளம், அகலம், எடை, முதல் சலவையில் எவ்வளவு சுருங்கும், சாயம் போகுமா என்று தெளிவாக இருந்தால் துணிந்து வாங்குவார். ‘சூப்பர் குவாலிட்டி’ என்று மட்டும் இருந்தால் தயங்குவார், அல்லது வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புவார். போகவர கூரியர் செலவு யார் தலையில்? எழுத்தாளருக்குக் கொடுக்க மறுத்த காசு இப்படித்தான் வெளியே போகிறது.

ஆகவே நாளைக் காலை அச்சகத்துக்குப் போக வேண்டாம். ஓர் எழுத்தாளரைத் தறிக்கூடத்துக்கு அழைத்து வாருங்கள். கூலியை முதலிலேயே பேசி, பாதியைக் கையில் கொடுத்துவிடுங்கள். தறி ஓடட்டும், நிறுத்த வேண்டாம். பாவு போடுகிறவரிடமும் துணி மடிக்கிற அக்காவிடமும் அவர் பேசட்டும். உங்கள் சரக்கின் குறை என்ன என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எழுதிக் கொண்டுவருவதை வீட்டில் உள்ளவர்களிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். மெய்யில்லாத சொல் ஒன்று இருந்தாலும் அடித்துவிட்டு, அதன் பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.